கனத்த தோலும் காலக் கணக்கும்

முழு மாட்டுத் தோல் ஒன்றை, எருமைத் தோலாகவே இருக்கட்டும், ஆலையின் துணையில்லாமல் வீட்டுக் கொல்லையில் வைத்துப் பதனிட முடியுமா என்ற கேள்வியை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். முடியும் என்பதே என் பதில். இந்திய கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து காட்டிய வேலை அது. ஆனால் அதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது செய்பவர் விருப்பத்தில் இல்லை. தோலின் கனம்தான் அதை முடிவு செய்கிறது. அந்த நாட்களைச் சுருக்க முடியாதா என்றால், முடியும். கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாகத் தோல் தொழிலில் நடந்த பெரிய மாற்றங்கள் பலவும் அந்தச் சுருக்கத்துக்காக நடந்தவைதான். சுருக்கிய நாட்களுக்கான விலையை மட்டும் யாரோ ஒருவர், பெரும்பாலும் ஆலைச் சுவருக்கு வெளியே கிணறு வைத்திருப்பவர், கொடுத்திருக்கிறார். கொல்லையில் பதனிடும் முறையை நாம் ஊன்றிப் படிக்கவேண்டியது இதனால்தான். காலத்துக்கு என்ன செலவு என்பது அங்கே மறைவில்லாமல் தெரிகிறது.

முதலில் தோல் என்பது என்ன என்று பார்ப்போம். மேலே ரோமம் முளைத்த மெல்லிய புறத்தோல். அடியில் கொழுப்பும் சவ்வும். இரண்டுக்கும் நடுவே, கனத்தில் மிகப் பெரும்பகுதியாக, கொலாஜன் என்னும் புரத நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் அடுக்கு. பதனிடுபவருக்கு வேண்டியது இந்த நடு அடுக்கு மட்டுமே. கொலாஜன் மூலக்கூறு மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய புரி என்ற விளக்கம் 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து, ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் செய்த ஆய்விலிருந்து உலகுக்குக் கிடைத்தது. உரித்த தோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். அதை அப்படியே விட்டால் அழுகும். தண்ணீர் வற்றும்படி காயவைத்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல் விறைக்கும். பறையின் தோலும் மிருதங்கத்தின் வாரும் இப்படி ரோமம் நீக்கிக் காயவைத்தவைதான். அவை பதனிட்ட தோல் அல்ல. அதனால்தான் ஈரக்காற்றில் பறை தொய்ந்துபோகிறது, அனல் காட்டினால் மறுபடி விறைத்து முழங்குகிறது. பதனிட்ட தோலோ நனைந்தாலும் அழுகாது, காய்ந்தாலும் மடங்கும். மரப்பட்டையின் துவர்ப்புப் பொருள் நார்களுக்கு இடையே புகுந்து, தண்ணீர் இருந்த இடத்தைப் பிடித்து, நாரோடு நாரைப் பிணைத்துவிடுவதால் வரும் குணம் இது. அந்தத் துவர்ப்பு ஒவ்வொரு நாரையும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேராத இடம் பச்சைத் தோலாகவே உள்ளே கிடக்கும்.

பெரிய தோலின் சிக்கல் இங்கே தொடங்குகிறது. ஆட்டுத் தோலைப் பதனிடத் தெரிந்தவர் அதே கணக்கை மாட்டுத் தோலுக்குப் போட்டால் தவறிவிடுவார். ஒரு திரவத்தில் கரைந்த பொருள் தானாக ஊறி உள்ளே போகும்போது, அதற்கு ஆகும் காலம் கனத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டுத் தோலையும் ஆறு மில்லிமீட்டர் எருமைத் தோலையும் எடுத்துக்கொண்டால், கனம் நான்கு மடங்கு. காலமோ ஏறக்குறைய பதினாறு மடங்கு. அதோடு ஒரே தோலில் எல்லா இடமும் ஒரே கனமும் இல்லை. பின்புட்டம் கனமாகவும் நெருக்கமாகவும் இருக்கும். கழுத்தும் கனமானதே. வயிற்றுப் பகுதி மெல்லியது, அங்கே நார்கள் தளர்ந்தவை. வயிறு பதமாகி முடிந்த நாளில் புட்டம் பாதிகூட ஆகியிருக்காது. ஒரு பெரிய தோலுக்குள் பல வேறு காலங்கள் இருக்கின்றன என்று சொன்னால் மிகையில்லை.

அந்தக் காலம் விலங்கு இறந்த மணியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே அழுகல் ஆரம்பித்து, ரோமம் கொத்தாகக் கையோடு வர ஆரம்பிக்கும். ஆலைக்குத் தோல் வெகு தொலைவிலிருந்து வரவேண்டியிருப்பதால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத உப்பைத் தேய்த்து அனுப்புகிறார்கள். கொல்லையில் பதனிடுபவர் அன்றே வேலையைத் தொடங்கினால் அந்த உப்பு தேவையே இல்லை. பின்னால் வரும் ஒரு வாதத்துக்கு இது உதவும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்கிறேன். இங்கேயே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய ரத்தம் கசியும் மாட்டை உரிக்கவே கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அதன் நுண்வித்துகள் மண்ணிலும் தோலிலும் பல்லாண்டு உயிரோடிருந்து மனிதரைக் கொல்லக்கூடியவை. கால்நடை மருத்துவரை அழைக்காமல் அந்த உடலைத் தொடுவது துணிச்சலில் சேராது.

கழுவிய தோல் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போகிறது. இருபது கிலோ தோலுக்கு இரண்டு கிலோ சுண்ணாம்பும், தோல் மூழ்கிப் புரளும் அளவுக்குத் தண்ணீரும் போதும். சுண்ணாம்பு இந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தமானது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் அது இரண்டு கிராம்கூடக் கரைவதில்லை. எனவே கை தவறிக் கூடுதலாகப் போட்டாலும் கரைசலின் காரம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. மிச்சம் அடியில் படிந்திருந்து, செலவாகச் செலவாகக் கரைந்து கொடுக்கும். அளவுக்கருவி இல்லாத கொல்லைக்கு இதைவிடப் பாதுகாப்பான காரம் கிடைப்பது அரிது. ஆனாலும் காரம் காரம்தான். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் தொட்டியில் இறங்கக்கூடாது. தினமும் தோலைத் தூக்கிப் புரட்டிப் போட வேண்டும். ஒரு வாரம் முதல் பத்து நாளில் தோல் உப்பி, ஓரங்கள் கண்ணாடிபோல் ஆகி, ரோமம் வேரோடு தளரும். முன்பே ஒரு தோல் ஊறிய பழைய சுண்ணாம்பு நீரில் இது இன்னும் விரைவாக நடக்கும். கரைந்த ரோமத்தின் கந்தகமும் அதில் வளர்ந்த நுண்ணுயிர்களும் வேலையில் பங்கெடுக்கின்றன. பிறகு, சாய்த்து வைத்த உருண்டை மரத்தின் மேல் தோலை விரித்து, மழுங்கிய வளைகத்தியால் ரோமத்தையும், கூரிய கத்தியால் உட்புறச் சவ்வையும் வழித்தெடுப்பார்கள். ஆலையில் இந்தப் பத்து நாளை ஒரு நாளாக்கச் சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். ரோமம் கூழாகிவிடும். அந்தக் கழிவுநீர் எங்காவது அமிலத்தோடு கலந்தால் எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, நின்ற இடத்திலேயே ஆளை வீழ்த்தும். வீட்டில் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம்.

அடுத்து சுண்ணாம்பை வெளியே எடுக்க வேண்டும். பலமுறை கழுவி, புளித்த தவிட்டு நீரில் ஊறவைத்தால் அதன் மெல்லிய அமிலம் சுண்ணாம்பைக் கரைத்து எடுக்கும், வீக்கம் வடியும். வேலை முடிந்ததா என்பதைக் கட்டைவிரல் சொல்லும்: தோலை அழுத்தினால் விரல் பள்ளம் மறையாமல் அப்படியே நிற்கவேண்டும். ஐரோப்பாவில் இதே கட்டத்தில் நாய், கோழி ஆகியவற்றின் மலத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் இருந்த செரிமான நொதிகள்தான் தோலை இளக்கின என்று கண்டு, ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணையச் சாற்றிலிருந்து அதற்கு மாற்றுப்பொருள் தயாரித்தார். ஒரு பெரிய வேதிப்பொருள் தொழிலே அதிலிருந்து வளர்ந்தது. அறிவியல் கூடம் கண்டுபிடிக்கும் முன்பே பதனிடுபவரின் கை கண்டுபிடித்து வைத்திருந்த செய்தி அது.

இனி பட்டை. சாலையோரத்து ஆவாரைக்கு அதன் மஞ்சள் பூவால் பெயர். தோல் தொழிலுக்கோ அதன் பட்டைதான் செல்வம். எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு துவர்ப்புப் பொருள் அதில் உண்டு. தோலின் எடைக்கு எடை, சமயத்தில் அதற்கு மேலும் இடித்த பட்டை வேண்டியிருக்கும். புதிதாகச் செய்பவர் விடும் பெரிய பிழை, முதல் நாளே கெட்டியான பட்டைச் சாற்றில் தோலைப் போடுவது. அப்போது மேற்பரப்பு வெகு வேகமாகப் பதமாகி இறுகி, உள்ளே போகும் வழியையே அடைத்துவிடும். வெளியே பார்க்க நல்ல தோல், நடுவில் பச்சை. அதனால் ஏற்கெனவே ஒரு தோலைப் பதனிட்டுச் சாரம் குறைந்த பழைய சாற்றில் தொடங்கி, நாள்பட நாள்பட வலுவைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் கோலிட்டன் என்ற ஊரில் இன்றும் ஓக் பட்டைக் குழிகளில் மாட்டுத் தோலை ஓராண்டுக்கு மேல் போட்டு வைக்கிறார்கள். இந்தியக் கிராமத்தில் அவ்வளவு காலம் முதலைப் போட்டுக் காத்திருக்க யாரால் முடிந்தது? அங்கே பிறந்ததுதான் தோலையே பையாகத் தைக்கும் முறை. இரண்டு வாரம்போல மென்சாற்றில் ஊறிய தோலை முதுகெலும்பு வாக்கில் மடித்து, ஓரங்களை நாராலோ வாராலோ தைத்து, கழுத்தை மட்டும் திறந்து வைத்து, முக்காலி போல் நட்ட கழிகளில் தொங்கவிடுவார்கள். உள்ளே இடித்த பட்டையையும் சாற்றையும் நிரப்புவார்கள். சாறு தன் எடையாலேயே தோலின் கனத்தை ஊடுருவி வெளிப்புறம் வியர்த்துச் சொட்டும். அடியில் வைத்த சட்டியில் சேர்வதை எடுத்து மறுபடி மேலே ஊற்றுவார்கள். சில நாள் கழித்துக் கழுத்தைத் தைத்து, புட்டப் பக்கத்தைத் திறந்து, பையைத் தலைகீழாக்கித் தொங்கவிடுவார்கள். திரவம் தானாக ஊறும்வரை காத்திருக்காமல், புவியீர்ப்பால் அதைத் தள்ளி அனுப்பும் உத்தி இது. கனத்தின் வர்க்கம் என்ற கணக்கை இதைவிட எளிய கருவிகளால் வென்ற முறை எனக்குத் தெரிந்தவரை வேறில்லை. குறைகளும் உண்டு: தையல் ஓரம் வீணாகும், வயிற்றுப் பகுதி மிகையாக நீண்டு தளரும், கவனம் பிசகினால் பதம் திட்டுத்திட்டாக அமையும்.

முடிந்ததா என்று அறியக் கழுத்தின் கனமான ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டிப் பார்ப்பார்கள். வெட்டுமுகத்தின் நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் சாறு அங்கே எட்டவில்லை. துண்டை வினிகரில் போட்டால் அந்தக் கோடு மட்டும் உப்பிக் கண்ணாடிபோல் ஆகிக் காட்டிக்கொடுக்கும். இந்தக் கட்டத்தில் இரும்பு வாளி, இரும்புக் கம்பி எதுவும் அருகில் வரக்கூடாது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்தக் கறை பிறகு போகாது. ஆவாரைத் தோல் வெயில் பட்டால் சிவக்கும் என்பதால் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைப்பது நம் பக்கத்து வழக்கம். பிறகு புங்க எண்ணெய் தடவி நிழலில் மெல்லக் காயவைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒன்றரை மாதத்தைக் குரோமிய உப்பு சில நாட்களாக்கியது. 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ஸ் காப்புரிமை பெற்ற முறையும், 1893-ல் மார்ட்டின் டென்னிஸ் அதை எளிதாக்கிய முறையும் உலகெங்கும் பரவின. சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1900-களின் தொடக்கத்திலேயே அதைச் சோதித்துப் பார்த்தார். ஆனாலும் ஆவாரையில் பதனிட்டு அரைப்பதத் தோலாக ஏற்றுமதி செய்வதே நம் ஊர்களின் முதன்மைத் தொழிலாக வெகுகாலம் நீடித்தது. 1970-களில், தோல் ஏற்றுமதியை ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுமையாக முடித்த தோலை ஊக்குவிக்கும் கொள்கை வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல் தொட்டிகளில் குரோமியம் குடியேறியது. சுழலும் மரப் பீப்பாயில் குரோமியம் ஒரே நாளில் தோலை ஊடுருவும். போட்ட குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு போலத் தோலில் ஏறாமல் நீரோடு வெளியேறுவது பழைய முறைகளில் வழக்கம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதைப் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரு தோலில் மிச்சமான நாற்பது நாளுக்கு இவையெல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது: பட்டை முறை மட்டும் தூய்மையானதா? இல்லை. பட்டைக் கழிவுநீர் கரிய நிறம் கொண்டது, எளிதில் சிதையாதது, ஆற்றில் விட்டால் நீரின் உயிர்வளியை உறிஞ்சி மீனைக் கொல்லும். சுண்ணாம்புக் கழிவும் சவ்வும் இரு முறைக்கும் பொது. பாலாற்றுப் படுகைக் கிணறுகளை உவர்ப்பாக்கியதில் குரோமியத்தைவிடத் தோலைக் காக்கத் தேய்த்த உப்புக்கே பெரும் பங்கு என்பதும் உண்மை. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் என் வாதம் சரியான வடிவம் பெறுகிறது. பட்டையா குரோமியமா என்பதோடு கேள்வி முடியவில்லை. ஓரிடத்தில் எத்தனை தோல், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பதையும் கேட்கவேண்டும். இறந்த இடத்துக்கு அருகிலேயே, அன்றே தொட்டியில் இறங்கும் ஒற்றைத் தோலுக்கு உப்பு வேண்டாம். அதன் சுண்ணாம்பு நீரைத் தெளியவைத்து, படிவை அமிலத்தன்மையுள்ள மண்ணில் பரப்பலாம். வழித்த ரோமமும் சவ்வும் சக்கைப் பட்டையும் எருக்குழிக்குப் போகலாம். கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளிய இடம் என்றால், இருநூறு, முந்நூறு லிட்டர் நீரை ஒரு கொல்லை மண் தாங்கும். அதே தொட்டிகள் ஓர் ஊரில் நூறு சேர்ந்தால், பட்டையாக இருந்தாலும் தாங்காது.

அப்படியானால் உலகத்துக்குச் செருப்பு யார் கொடுப்பது என்று கேட்பார்கள். கொல்லைகளால் முடியாது. ஆவாரைப் புதர்கள் அத்தனை பட்டை தரா. அரைப்பதத் தோல் செழித்த காலத்திலேயே பட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியானது. குரோமியத் தோல் மென்மையானது, கொதிநீரையே தாங்கக்கூடியது; பட்டைத் தோல் எண்பது டிகிரி சூட்டை ஒட்டியே சுருங்கிவிடும். மேல்தோல் மெத்தென்று இருக்கவேண்டிய காலணிக்குக் குரோமியத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அதைச் சுத்திகரிப்போடும் மறுபயன்பாட்டோடும் செய்யவைப்பதே அங்கே வழி. ஆனால் செருப்பின் அடித்தோல், இடுப்புவார், பை, மாட்டுக்குக் கட்டும் வார் ஆகியவற்றுக்குப் பட்டைத் தோலின் கனமும் இறுக்கமும்தான் வேண்டும். நாட்டில் ஒவ்வொரு ஆண்டும் முதுமையாலும் நோயாலும் இறந்து, புதைக்கப்பட்டோ எறியப்பட்டோ வீணாகும் மாடுகளின் தோலில் ஒரு பங்கை அதற்குத் திருப்பினாலே போதும்.

கடைசி மறுப்பை மற்றவற்றோடு சேர்த்து எண்ணக்கூடாது. அதன் எடை வேறு. இந்த வேலையை இந்தியாவில் யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. பிறப்பின் பேரில் சில சாதிகள் மேல் சுமத்தி, செய்ததற்காகவே அவர்களைத் தீண்டாமல் ஒதுக்கிவைத்தது சமூகம். 1927-ல் மகாராஷ்டிரத்தின் மகாட்டில் மாநாட்டுக்குக் கூடிய ஒடுக்கப்பட்ட மக்களிடம் அம்பேத்கர் செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டொழிக்கச் சொன்னார். அந்த வாழ்வோடு பிணைந்த இழிவை அறுப்பதே அவர் நோக்கம். காந்தி 1934-ல் தம் ஹரிஜன் இதழில் கிராமத் தோல் தொழிலைச் சீர்திருத்தி மீட்கவேண்டும் என்று எழுதினார். வார்தா அருகே நால்வாடியில் இறந்த மாடுகளின் தோலைப் பதனிடும் கூடமும் நடந்தது. தொழிலின் பெருமையைப் பேசினால் சாதியின் பிடி தளரும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், இறந்த பசுவின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, அந்த நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்று நாடே பார்த்தது. அதன் பிறகு அங்கே பலர் செத்த மாட்டைத் தூக்க மறுத்தார்கள். மறுத்தது நியாயம். இந்த அறிவு நுட்பமானது என்று மேடையில் நின்று சொல்லும் யாரும், முன்பு செய்தவர்களே இனியும் செய்யட்டும் என்று சொல்ல உரிமையற்றவர். நான் சொல்ல வருவதும் அதற்கு நேர் எதிரானது: சுண்ணாம்பின் காரத்தையும் துவர்ப்பின் நடையையும் கட்டைவிரலால் அளந்த அறிவை, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சான்றிதழோடு கற்கும் தொழிற்கல்வியாக்க வேண்டும். சிறு பொதுக்கூடம் ஒன்று, பக்கத்தில் கால்நடை மருத்துவரின் சான்று, உடலைத் தூக்க மனிதத் தோளுக்குப் பதில் கப்பியும் வண்டியும், கையுறை, ஓடும் தண்ணீர், ஓய்வறை. இவ்வளவும் இருந்தால்தான் அதைத் தொழில் என்று அழைக்கலாம். உரித்ததற்குக் கூலியாக இறைச்சியையோ தோலையோ விட்டுக்கொடுத்த பழைய வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. கூலியைத் தோல் விற்ற பிறகு தருகிறோம் என்பதற்கும் இடமில்லை. வாரந்தோறும் பணமாகத் தரவேண்டும். தொட்டியில் ஒன்றரை மாதம் கிடக்கும் முதலுக்கான காத்திருப்பைக் கூடம் ஏற்கட்டும். அதை வேலை செய்பவர் தலையில் வைத்தால், ஆலை தன் சுருக்கத்தின் செலவைக் கிணற்றின் மேல் தள்ளியதற்கும் இதற்கும் வேறுபாடு இருக்காது.